தொண்ணூற்றெட்டு நாள்

பழுப்பு உறையில் ஒன்று,
வாட்ஸ்அப்பில் ஒன்று.
ஒரே புதன்கிழமை இரண்டும் வந்தன.
கல்லூரி முடிந்து ஏழு மாதம்
நாய்கூடச் சீண்டாமல் கிடந்தது
என் பதிவு எண்.

உறையில் இருப்பது தற்காலிகம்.
பாகாவ் பட்டணத்தில்
டயர் கடைக்குப் பக்கத்து டயலிசிஸ் சென்டர்.
மிஸ்ஸி நோர்ஹயாத்தி பிள்ளை பெறப் போகிறார்.
அவருக்குத் தொண்ணூற்றெட்டு நாள் லீவு,
அதுதான் என் உத்தியோகம்.
குழந்தைக்குத் தலை நிற்கும்போது
எனக்கு வேலை நிற்கும்.

போனில் இருப்பது ரிலீஃப்.
சிரம்பானில் பெரிய தனியார் மருத்துவமனை.
ஆள் குறைந்தால் கூப்பிடுவார்கள்.
ஷிப்டுக்கு நூற்றைம்பது வெள்ளி,
இரவென்றால் இருபது கூட.
மாதம் பதினாறு தடவை கூப்பிட்டால்
இதில்தான் காசு.
கூப்பிட்டால்.
அங்கே யாருக்கோ காய்ச்சல் கண்டால்
இங்கே எனக்குச் சம்பளம்.
எல்லா மிஸ்ஸிகளும் நலமாயிருக்கிற மாதத்தில்
படிப்புக் கடன்காரனுக்கு
என்ன பதில் சொல்வது?

தம்பி யுகேந்திரன்
போக வர நூற்றிருபது கிலோமீட்டர்,
பெட்ரோல், செயின், டயர் என்று
தட்டிக்கொண்டே போகிறான்.
மோட்டார் அவனுடையது.
கணக்கில் அந்தக் கவலையும் கொஞ்சம் கலந்திருக்கிறது.

அம்மா உதிரிப் பழம் பொறுக்கிவிட்டு வந்து
வெளிக்குழாயில் கால் கழுவினார்.
இரண்டையும் கேட்டார்.
"எதுல ஈபிஎஃப் வெட்டுவான்?"
அவ்வளவுதான்.
பதினோரு வருஷமாய் மூட்டைக் கணக்குக் கூலி.
மழை வந்தால் பெரட்டு இல்லை,
பெரட்டு இல்லையென்றால் காசு இல்லை.
ரிலீஃப் என்ற சொல்லை
அவருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சென்டரைப் பார்க்கப் போனேன்.
ஆறு நாற்காலி, ஆறு இயந்திரம்,
சுவரில் யாரும் பார்க்காத டிவி.
மூன்றாம் நாற்காலியில்
மளிகைக் கடை ஆ லோய்.
தோட்டத்துக்குக் கடன் கொடுத்தே
தமிழ் படித்தவர்.
சட்டைக் கையைச் சுருட்டி,
"தொட்டுப் பாரு" என்றார்.
தோலுக்கடியில் நரம்பு இரைந்தது,
தீப்பெட்டிக்குள் அடைத்த வண்டுபோல.

"புது மிஸ்ஸின்னா மூணு வாட்டி குத்துவா.
நரம்பு எங்க திரும்புதுன்னு
தெரிஞ்சுக்கிட்டா, போயிருவா."
குறைப்படவில்லை.
பசியாறியாச்சா என்று கேட்கிற அதே குரல்.

திரும்பி வரும்போது
மோட்டாரின் அதிர்வுக்கு நடுவிலும்
விரல் நுனியில் அந்த இரைச்சல் தனியாக இருந்தது.
வாரத்துக்கு மூன்று நாள், பதினாலு வாரம்.
நாற்பத்திரண்டு.
ஒவ்வொரு முறையும் இரண்டு ஊசி.
எண்பத்து நாலு.
உறைக்குள் சின்னதாய்க் கிடந்த நாள்கள்
ஒரு கைக்குள்
இவ்வளவு இடம் பிடிக்குமா?

பெரிய மனசென்று யாரும் எண்ண வேண்டாம்.
ஈபிஎஃப் வெட்டுகிறார்கள், கேட்டுவிட்டேன்.
ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்துவிடலாம்.
குத்தத் தெரியாத என் கைக்கும்
பழக ஓர் இடம் வேண்டும்.

படிவம் நிரப்பினேன்.
வேலையின் தன்மை: தற்காலிகம்.
அதற்கு நேர் கீழே
நிரந்தர முகவரி.
பேனா அங்கே கொஞ்சம் நின்றது.
தோட்டம் கை மாறுகிறதென்று பேச்சு.
போன வாரம் இரண்டு பேர் வந்து
லயத்தை நாடா பிடித்து அளந்து போனார்கள்.
எழுதினேன்:
வீட்டு எண் முப்பத்தொன்று.
கையெழுத்து கொஞ்சம் அழுத்தமாகவே விழுந்தது.

பிறகு சிரம்பானுக்கு:
ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஓய்வு.
அன்றைக்கு யாருக்காவது காய்ச்சல் என்றால்
கூப்பிடுங்கள்.

காய்ச்சலை அழித்துவிட்டு
ஆள் குறைந்தால் என்று மாற்றி
அனுப்பினேன்.
இரண்டு கோடும் நீலமாகிவிட்டன.
பதில் இல்லை.
எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள்போல.